வீடியோ கேம் மதிப்புரைகளுக்கு ஒரு மதிப்புரை

ஒரு வீடியோ கேமை உடனே வாங்கலாமா, விலை குறையும்வரை காத்திருக்கலாமா, அடியோடு விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க உதவும் சேவைகளுக்கு இன்று குறைவில்லை. விமர்சகர்கள் தரும் மதிப்பெண்களைத் திரட்டி ஒரே எண்ணாகக் காட்டும் மெட்டாகிரிட்டிக், அதே வேலையைச் சற்று மாற்றிச் செய்யும் ஓப்பன்கிரிட்டிக், கணினி கேம்களை விற்று, வாங்கியவர்களே கருத்து எழுத இடம்தரும் ஸ்டீம் இணையக் கடை, யூடியூப் சேனல்கள், கேம் எவ்வளவு சீராக ஓடுகிறது என்று அளந்து சொல்லும் டிஜிட்டல் ஃபவுண்டரி ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கேம்களை மதிப்பிடும் இந்தச் சேவைகளையும் யாராவது மதிப்பிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அவற்றின் ரசனையையோ எழுத்து நடையையோ நான் ஆராயப் போவதில்லை. மதிப்புரை எழுதியவருக்கு அந்தப் பிரதி எப்படிக் கிடைத்தது, அவர் எந்தக் கருவியில் விளையாடினார், எதைச் சொல்லவும் காட்டவும் அவருக்குத் தடை இருந்தது என்பவற்றை அந்தச் சேவை வாசகருக்குத் தெரிவிக்கிறதா என்பதே என் அளவுகோல்.

இந்த அளவுகோலைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. கேம் மதிப்புரைகளின் நேர்மையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் முதலில் வரும். ஆனால் பெரிய தளங்களைப் பொறுத்தவரை ஆதாரத்தோடு வெளிவந்த சம்பவங்கள் பெரும்பாலும் வேறு விதமானவை. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் ஆசிரியர் குழுவில் மூத்தவரான ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' என்ற கேமுக்குப் பத்துக்கு 6 மதிப்பெண் கொடுத்தார். மற்ற விமர்சகர்களின் சராசரியும் நூற்றுக்கு 65ஐ ஒட்டியே இருந்ததால் அதை அநியாயமான மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் கேம்ஸ்பாட் தளத்தின் முகப்பை நிறைத்திருந்தது அதே கேமின் விளம்பரம். அந்த மாதம் முடிவதற்குள் கெர்ஸ்ட்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரதாரரின் அழுத்தத்தால் யாரையும் நீக்கவில்லை என்று தளத்தின் உரிமையாளரான சிநெட் நிறுவனம் மறுத்தது. சக ஊழியர்கள் சிலர் அடுத்தடுத்து விலகினார்கள். 2012 மார்ச்சில், அவர் தொடங்கிய ஜயன்ட் பாம் தளத்தை கேம்ஸ்பாட்டின் அன்றைய உரிமையாளரே வாங்கிய பிறகுதான், விளம்பரதாரர்களின் அதிருப்தியைத் தாங்கத் தெரியாத நிர்வாகம் தன்னை வெளியேற்றியதை கெர்ஸ்ட்மன் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது.

இதில் விமர்சகர் நேர்மையாகவே எழுதினார். அதற்கான விலையையும் கொடுத்தார். என்னை உறுத்துவது இடைப்பட்ட நான்கு ஆண்டுகள்தான். அந்தக் காலம் முழுவதும் தளத்தின் வாசகர்களுக்கு, தாங்கள் படிக்கும் அடுத்த மதிப்புரையை எழுதியவர் எந்த அச்சத்தோடு எழுதினார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒருவரை நீக்கியதன் பாடத்தை அங்கே மிஞ்சியிருந்த ஒவ்வொருவரும் படித்திருப்பார்கள். அவர்கள் ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டிப் போடாமலும் இருந்திருக்கலாம். அதை உறுதி செய்யும் வழி வாசகரிடம் இல்லாமல் போனதே நம்பிக்கையின் இழப்பு.

நிபந்தனைகள் எங்கே தொடங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, மதிப்புரைப் பிரதி கைக்கு வரும் முறையைப் பார்க்க வேண்டும். பெரிய கேம்களைப் பெரும்பாலும் வெளியீட்டு நிறுவனங்களே சில நாட்கள் அல்லது வாரங்கள் முன்னதாகத் தளங்களுக்கு இலவசமாக அனுப்புகின்றன. அறுபது மணிநேரம் விளையாட வேண்டிய கேமை விற்பனை தொடங்கும் நாளுக்குள் ஒருவர் முடித்து எழுத வேறு வழி கிடையாது. அதோடு எம்பார்கோ என்ற கட்டுப்பாடும் வரும். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்கு முன் மதிப்புரையை வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். எம்பார்கோ தன்னளவில் தீமையானது என்று நான் கருதவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரம் என்று வைத்தால், முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் அரைகுறையாக விளையாடிவிட்டு எழுதுவது குறைகிறது. அந்த நேரத்தை விற்பனைக்குப் பிறகு வைக்கும்போதுதான் அது வாசகருக்கு எதிரான கருவியாகிறது. 2014 நவம்பர் 11 அன்று யூபிசாஃப்ட் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யை அமெரிக்காவில் நள்ளிரவில் விற்பனைக்கு விட்டது. மதிப்புரைகளுக்கான தடை விலகியதோ அன்று நண்பகலில். வாங்கியவர்கள் முகமில்லாமல் கண்ணும் பல்லுமாக மிதக்கும் கதாபாத்திரங்களையும் இழுத்து இழுத்து ஓடும் காட்சிகளையும் பார்த்துத் திகைத்த பிறகே, விமர்சகர்கள் அவற்றைப் பற்றி எழுத அனுமதிக்கப்பட்டார்கள். நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டு, கூடுதல் உள்ளடக்கத்தை இலவசமாகத் தந்தது. முதல் பன்னிரண்டு மணிநேரத்தில் வாங்கியவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்காமல் போனது போனதுதான்.

பிரதியைக் கொடுப்பவருக்கு அதைக் கொடுக்காமல் விடும் உரிமையும் உண்டு. கொடுக்காவிட்டால் அந்தத் தளம் கடையில் வாங்கி விளையாடி, ஒரு வாரம் கழித்து எழுத வேண்டும். அதற்குள் படிக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் படித்துவிட்டிருப்பார்கள். கொட்டாக்கு என்ற கேம் செய்தித் தளம் அறிவிக்கப்படாத கேம்கள் பற்றிய செய்திகளை வெளியிட்டதற்காக வெளியீட்டு நிறுவனங்களான பெதஸ்டாவும் யூபிசாஃப்டும் அதற்குப் பிரதிகளையும் பதில்களையும் நிறுத்திவிட்டன என்பதை அதன் ஆசிரியர் ஸ்டீஃபன் டொட்டிலோ 2015 நவம்பரில் பெயர் சொல்லி எழுதினார். அந்தக் கட்டுரையை நான் மதிப்பது, தன் தளத்தின் மதிப்புரைகள் ஏன் தாமதமாகின்றன என்பதை அவர் வாசகரிடம் மறைக்காமல் சொன்னதற்காக. இன்றும் பெரும்பாலான தளங்கள் ஒரு பிரதி தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் தாமதிக்கின்றன. ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் அதுவே வாசகருக்கு ஒரு தகவல்.

மேலே சொன்ன எல்லாமும் ஒன்றுசேர்ந்து நிகழ்ந்தது 2020 டிசம்பரில். 'சைபர்பங்க் 2077' வெளியானது டிசம்பர் 10. மதிப்புரைகள் வந்தது டிசம்பர் 7. சிடி புரொஜெக்ட் நிறுவனம் முன்கூட்டி அனுப்பியவை கணினிக்கான பிரதிகள் மட்டுமே. மதிப்புரை வீடியோக்களில் விமர்சகர்கள் தாங்கள் விளையாடியபோது பதிவு செய்த காட்சிகளை வெளியீட்டுக்கு முன் காட்டக் கூடாது. நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கன்சோல்களில், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவிகளில், அந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்பதை வெளியார் யாரும் பார்த்திருக்கவில்லை. முன்பதிவு செய்தவர்கள் 80 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் கன்சோலுக்காகப் பதிவு செய்தவர்கள். கணினிப் பிரதியை விளையாடியவர்கள் போட்ட மதிப்பெண்களின் சராசரி 90ஐ ஒட்டி நின்றது. அந்த எண்ணைப் பார்த்து வாங்கிய கன்சோல்காரர்களுக்குக் கிடைத்தது அடிக்கடி நின்றுபோகும், உருவங்கள் மங்கித் தெரியும், வேறொரு கேம் என்றே சொல்லத்தக்க ஒன்று. வெளியாகி ஒரு வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அதை நீக்கி, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் மாதம்தான் அது மறுபடியும் விற்பனைக்கு வந்தது.

இதில் ஒரு விமர்சகர்கூடப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் விளையாடியதைப் பற்றித் தாங்கள் எண்ணியதையே எழுதினார்கள். பிழைகள் மலிந்திருப்பதைச் சிலர் அழுத்தமாகவே எழுதினார்கள். ஆயினும் அவர்களின் உண்மைகள் எல்லாம் கூடி வாங்குபவரைத் தவறான இடத்தில் கொண்டு நிறுத்தின. 'இந்த மதிப்புரை கணினிப் பிரதியை மட்டுமே பற்றியது. கன்சோல் பிரதியைக் கேட்டோம், தரவில்லை. எங்கள் சொந்தக் காட்சிகளைக் காட்ட அனுமதியில்லை' என்ற வரிகளைத் தலைப்புக்கு அடியிலேயே போட்ட தளம் எது, நடுவில் எங்கோ செருகிய தளம் எது, சொல்லாமலே விட்ட தளம் எது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த வாரத்தில் ஒவ்வொரு தளமும் எழுதிய தேர்வு. கேமுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை, அது ரசனை. நிபந்தனையைச் சொல்லாமல் ஒன்பது கொடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி சேவைகளுக்கு வருகிறேன். மெட்டாகிரிட்டிக் 2001இல் தொடங்கியது. கேம்களுக்கு 75 முதல் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு என்ற அதன் நிறங்களை அறியாத கேமர் இருக்க முடியாது. வசதியான சேவை, ஒரே பக்கத்தில் நூறு மதிப்புரைகளுக்கான வழி கிடைக்கிறது. ஆனால் அந்தப் பெரிய எண் எளிய சராசரி அல்ல. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். எந்தத் தளத்துக்கு எவ்வளவு எடை என்பதைத் தொடக்கத்திலிருந்தே வெளியிட மறுத்துவருகிறார்கள். 2013இல் ஓர் ஆய்வாளர் அந்த எடைகளைக் கணித்துவிட்டதாகச் சொன்னபோது, அது முற்றிலும் தவறு என்று மறுத்தார்களே தவிர, சரியானது எது என்று சொல்லவில்லை. எழுத்துத் தரங்களை எண்ணாக மாற்றும் வழியும் விசித்திரமானது: 'பி மைனஸ்' என்று ஒரு விமர்சகர் எழுதினால் அது 67 ஆகிறது. நன்று, ஆனால் குறைகள் உண்டு என்ற பொருளில் அவர் எழுதியது மஞ்சள் நிறத்தில் போய் விழுகிறது.

இந்த எண்ணை வாசகர் மட்டும் பார்த்தால் கவலையில்லை. 2010இல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் ஊக்கத்தொகை என்று வெளியீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. தொகை கிடைக்கவில்லை என்பதை அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012இல் சொன்னார். ஒரு புள்ளியின் பின்னால் ஊழியர்களின் வருமானம் நிற்கும்போது, அந்தப் புள்ளி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது தெரியாமலிருப்பது நியாயமாகாது. தன் மதிப்பெண்ணால் முகம் தெரியாத ஐம்பது பேரின் ஊக்கத்தொகை போகும் என்று அறிந்த விமர்சகரின் கை தயங்காதா என்பதும் நியாயமான கேள்வி. அந்தத் தயக்கத்தை அவர் மேல் சுமத்தியது விமர்சனத்தைப் பணியாளர் மதிப்பீடாக மாற்றிய ஒப்பந்தமே.

மெட்டாகிரிட்டிக்கின் இன்னொரு விதி எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. ஒரு தளம் முதலில் வெளியிட்ட மதிப்பெண்ணைத்தான் அது ஏற்றுக்கொள்ளும். பிறகு திருத்தினால் ஏற்காது. வெளியீட்டு நிறுவனங்கள் அழுத்தம் கொடுத்து மதிப்பெண்ணை உயர்த்த வைப்பதைத் தடுக்க வந்த விதி என்பதால் அதன் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2013 மார்ச்சில் 'சிம்சிட்டி' வெளியானபோது நடந்ததைப் பாருங்கள். இணைய இணைப்பு இல்லாமல் விளையாடவே முடியாத அந்தக் கேமை, வெளியீட்டுக்கு முன் கூட்டமில்லாத சர்வர்களில் விளையாடிவிட்டு பாலிகன் தளம் 9.5 கொடுத்தது. விற்பனை தொடங்கியதும் சர்வர்கள் திணறின. வாங்கியவர்களால் உள்ளே நுழையவே முடியவில்லை. பாலிகன் மதிப்பெண்ணை 8ஆகவும், பின்பு 4ஆகவும் குறைத்து, நிலைமை தேறியபின் 6.5ஆக்கியது. இத்தனை மாற்றத்தைப் பலர் கேலி செய்தார்கள். நான் அதை வாசகருக்குச் செய்த மரியாதையாகவே பார்க்கிறேன்; ஒவ்வொரு திருத்தத்தின் காரணமும் மதிப்புரையிலேயே தேதியோடு இருந்தது. மெட்டாகிரிட்டிக்கில் மட்டும் 9.5 அப்படியே நின்றது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் இருந்த எண்கள் இரண்டையும் காரணத்தோடு பக்கத்துப் பக்கத்தில் காட்டுவதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் கிடையாது. என் அளவுகோலில் இந்தச் சேவை தேறவில்லை. மதிப்புரைகளின் பட்டியலாக மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். பெரிய எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

2015இல் வந்த ஓப்பன்கிரிட்டிக் எளிய சராசரியைக் கணக்கிடுகிறது, கணக்கை மறைப்பதில்லை, விமர்சகர்களில் எத்தனை விழுக்காட்டினர் பரிந்துரைக்கிறார்கள் என்பதையும் தனியாகக் காட்டுகிறது. சைபர்பங்க் விவகாரத்தில் அது அந்தக் கேமின் பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையைப் போட்டது: பழைய கன்சோல்களில் கேம் இருக்கும் நிலையை நிறுவனம் வேண்டுமென்றே மறைத்ததாகத் தன் குழு கருதுகிறது என்று. மதிப்பெண் திரட்டும் ஒரு சேவை, தான் திரட்டிய மதிப்பெண்ணையே நம்பாதீர்கள் என்று வாசகரிடம் சொன்னது இத்துறையில் அரிய செயல். அந்த எச்சரிக்கைக்காகவே மெட்டாகிரிட்டிக்கை விட்டு இதற்கு வந்தவர்களில் நானும் ஒருவன். 2024இல் பல கேம் தளங்களை நடத்தும் வால்நெட் நிறுவனம் இதை வாங்கியது. மதிப்புரை எழுதும் தளங்களும் அவற்றைத் திரட்டும் சேவையும் ஒரே உரிமையாளரிடம் இருப்பதை ஒவ்வொரு பக்கத்திலும் குறிப்பிட்டால் நன்றாக இருக்கும். மெட்டாகிரிட்டிக்கும் கேம்ஸ்பாட்டும் நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தபோதும் இதே கேள்விதான் இருந்தது.

ஸ்டீம் கடையில் பயனர் மதிப்புரைகள் 2013 நவம்பரில் வந்தன. பலர் இவற்றைக் கூட்டத்தின் கூச்சல் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்கும் நிபந்தனைத் தகவல்களை வேறு எந்தச் சேவையையும்விட அதிகமாகத் தருவது இந்தக் கூட்டம்தான். அவற்றை எழுதுபவர் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, கடையே இயந்திரமாகச் சொல்லிவிடுகிறது. எழுதியவர் மொத்தம் எத்தனை மணிநேரம் விளையாடினார், எழுதும்போது எத்தனை மணிநேரம் ஆகியிருந்தது, கேமை இலவசமாகப் பெற்றாரா, பெரும்பாலும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் விளையாடினாரா, கேம் முழுமையடைவதற்கு முன்பே எழுதியதா என்பதெல்லாம் ஒவ்வொரு கருத்தோடும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கடந்த 30 நாட்களின் கருத்துகள் தனியே, மொத்தம் தனியே தெரிகின்றன. ஒரு கேமை ஒரு பேட்ச் (வெளியீட்டுக்குப் பின் வரும் திருத்தம்) கெடுத்திருந்தாலும் திருத்தியிருந்தாலும் அந்த வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும். சிம்சிட்டி போன்ற ஒரு சம்பவத்தில் வாசகருக்குத் தேவைப்பட்டது சரியாக இதுதான்.

2016 செப்டம்பரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. வெளியிலிருந்து கிடைத்த குறியீட்டு எண்ணைக்கொண்டு கேமைப் பெற்றவர்களின் கருத்துகளை மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்கியது. கேமை உருவாக்கும் டெவலப்பர்கள் சிலர் இலவசக் குறியீடுகளைக் கொடுத்து நல்ல கருத்துகளை வாங்குவதைக் கண்டதே காரணம். கூட்டு நிதி திரட்டலில் முன்பணம் கொடுத்து உண்மையாகவே கேமுக்காகக் காத்திருந்தவர்களின் குரலும் இதனால் கணக்கில் சேராமல் போனது. ஆனாலும் கருத்துகள் அழிக்கப்படவில்லை, எண்ணில் மட்டுமே சேர்வதில்லை, அதுவும் ஏன் என்று சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு இது போதும்.

இங்கே எனக்குள்ள மாறுபாடு வேறொன்றில். ஒரு கேமைப் பழிவாங்க ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் எதிர்க்கருத்துகளைக் கொட்டும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த, 2019 மார்ச் முதல், கேமோடு தொடர்பில்லாத கொட்டலை அடையாளம் கண்டு கணக்கிலிருந்து விலக்கும் முறை வந்தது. ஏப்ரலிலேயே, 'பார்டர்லேண்ட்ஸ் 3' வேறு கடைக்குப் போனதற்காக அதன் முந்தைய பாகங்கள் மீது பொழிந்த கருத்துகள் இப்படி விலக்கப்பட்டன, அது சரியே. ஆனால் நகலெடுப்பைத் தடுக்கும் மென்பொருள், பயனர் ஒப்பந்தத்தில் செய்யும் மாற்றம் ஆகியவற்றை எதிர்த்து எழுதுவதையும் தொடர்பில்லாதவை என்று வால்வ் வகைப்படுத்தியதை ஏற்க முடியவில்லை. வாங்கிய பொருளைப் பயன்படுத்தும் உரிமையே மாறுகிறது என்றால் அது அந்தப் பொருளோடு தொடர்புடையதுதான். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' கேமை விளையாட பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாத நாடுகளில் பலர் ஏற்கெனவே கேமை வாங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்க்கருத்துகள் குவிந்தன. சில நாட்களில் சோனி பின்வாங்கியது. அதை வெறும் தாக்குதல் என்று யாராவது விலக்கியிருந்தால், ஒரு நேர்மையான எச்சரிக்கை வாங்குபவர் கண்ணில் படாமலே போயிருக்கும்.

கூட்டத்தின் கோபம் எப்போதும் இப்படி நியாயமாக அமைவதில்லை. 2014இல் கேம் இதழியலின் அறம் என்ற பெயரில் எழுந்த கேமர்கேட் இயக்கம் ஒரு பெண் டெவலப்பரின் தனிவாழ்க்கையைக் குறிவைத்துத் தொடங்கியது. அவர் தன் கேமுக்கு நல்ல மதிப்புரை கிடைக்கத் தவறான வழியைக் கையாண்டார் என்று சொல்லப்பட்டது. குறிப்பிடப்பட்ட பத்திரிகையாளர் அந்தக் கேமுக்கு மதிப்புரையே எழுதவில்லை. இல்லாத ஒரு மதிப்புரைக்காகப் பல பெண்கள் மிரட்டல்களுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறும் நிலை வந்தது. கெர்ஸ்ட்மன் விவகாரமும் யூனிட்டியின் நண்பகல் எம்பார்கோவும் நம் கண்முன் இருக்க, அறத்தைப் பற்றிய கோபம் பணமும் அதிகாரமும் இருந்த பக்கம் திரும்பாமல், ஒரு சிறிய இலவசக் கேமை உருவாக்கிய தனியொருவர் மீது விழுந்ததை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

வீடியோ சேனல்களை ஒரே சேவையாக எடைபோட முடியாது. நேர்மையின் உச்சமும் அடிமட்டமும் இங்கேதான் இருக்கின்றன. பத்திரிகைகள் செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டவை இங்கே ஒப்பந்தமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. 2014இல் 'ஷேடோ ஆஃப் மோர்டார்' கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது. கேமைப் பற்றி நல்லெண்ணம் வளர்க்க வேண்டும், பிழைகளைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. பணம் பெற்றதைப் பற்றிய குறிப்பு வீடியோவுக்குக் கீழே, 'மேலும் காட்டு' என்பதை அழுத்தினால் மட்டுமே தெரியும் இடத்தில் இருந்தது. சிலரோ முன்கூட்டிப் பிரதி கிடைத்தது என்று மட்டும் சொல்லிப் பணத்தைச் சொல்லாமல் விட்டார்கள். அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் 2016இல் இதைப் பார்வையாளரை ஏமாற்றும் செயலாகக் கருதி அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் உத்தரவைப் பிறப்பித்தது. அந்த உத்தரவு வந்த பிறகும் ஒப்பந்தங்கள் முழுதாக மாறவில்லை. 2024 மே மாதம் 'மார்வெல் ரைவல்ஸ்' முன்சோதனையில் சேர்ந்த சேனல்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தத்தில், கேமைத் தாழ்த்தியோ எதிர்மறையாகவோ பேசக் கூடாது என்ற வரி இருந்தது. கையெழுத்திடக் கேட்கப்பட்டவர்கள் அதை வெளியே காட்டியதால்தான் அந்தக் கேமின் நெட்ஈஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மாற்றியது.

சேனல் நடத்துபவர்களுக்கு வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2013இல் 'டே ஒன்: கேரிஸ் இன்சிடென்ட்' என்ற கேமைக் கடுமையாக விமர்சித்த டோட்டல்பிஸ்கட் சேனலின் வீடியோவை, அதன் டெவலப்பர் பதிப்புரிமைப் புகார் கொடுத்து நீக்கவைத்தார், எதிர்ப்பு கிளம்பியதும் புகாரைத் திரும்பப் பெற்றார். பெரிய சேனல் என்பதால் எதிர்ப்பு கிளம்பியது. சில நூறு பார்வையாளர்களே உள்ள சேனல் என்றால் வீடியோ போனது வெளியே தெரியக்கூட வழியில்லை. இப்போது ஒரு சேனலை நம்பலாமா என்பதை, அதில் கடுமையான மதிப்புரைகள் எத்தனை என்று எண்ணி நான் முடிவு செய்வதில்லை. முதல் ஒரு நிமிடத்துக்குள் பிரதி எப்படி வந்தது என்பதைத் தன் வாயால் சொல்கிறாரா என்று பார்க்கிறேன். விளக்கக் குறிப்பில் எழுதியிருப்பதை நான் வெளிப்படுத்தியதாகக் கருதுவதில்லை.

டிஜிட்டல் ஃபவுண்டரி கதையையும் ரசனையையும் பெரிதாகத் தொடுவதில்லை. எந்தக் கன்சோலில் நொடிக்கு எத்தனை பிரேம் (படச் சட்டம்), எந்த இடத்தில் தடுமாறுகிறது, எந்த வடிவத்தை வாங்கினால் நஷ்டம் என்பதை அளந்து, அளந்த விதத்தையும் திரையிலேயே காட்டுகிறார்கள். அவர்களும் நிபந்தனைகளுக்கு உட்படாதவர்கள் இல்லை. 2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் அட்டையை மற்றவர்களுக்கு முன்பே சோதிக்க வாய்ப்புக் கிடைத்தபோது, என்விடியா ஒப்புக்கொண்ட கேம்களில் மட்டுமே சோதிக்கலாம், பிரேம் எண்ணைச் சொல்லாமல் விழுக்காட்டு வித்தியாசத்தை மட்டுமே சொல்லலாம் என்ற வரம்புக்குள் செய்தார்கள். அப்படி ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் வரம்பு இன்னது என்று அவர்களே சொன்னதால்தான் கண்டிக்கவும் முடிந்தது, அந்த விழுக்காடுகளை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்தவர்களால் தீர்மானிக்கவும் முடிந்தது.

இந்தச் சேவைகள் எதுவும் இன்னும் சரியாகக் கையாளாத ஒன்று மிஞ்சியிருக்கிறது: மதிப்புரை வந்த பிறகு மாறும் கேம். 2019 ஜூனில் வெளியான 'கிராஷ் டீம் ரேசிங்: நைட்ரோ ஃபியூல்ட்' கேமில், நல்ல மதிப்பெண்கள் சேர்ந்த பிறகு, ஆகஸ்டில்தான் உண்மைப் பணத்துக்கு நாணயங்கள் விற்கும் வசதி சேர்க்கப்பட்டது. 2022 மார்ச் 4 அன்று வந்த 'கிரான் டூரிஸ்மோ 7', இரண்டு வாரத்துக்குள் பல பந்தயங்களின் பரிசுத்தொகையைக் குறைத்தது. கார்களைச் சேர்க்கப் பல மணிநேரம் கூடுதலாக ஓட்டு, அல்லது பணம் கொடு என்ற நிலை வந்தது. விளையாடுபவர்களின் சீற்றத்துக்குப் பிறகு மறுபடியும் உயர்த்தினார்கள். மதிப்புரை எழுதியவர்கள் விளையாடிய பொருளாதாரமும் வாங்கியவர்களுக்குக் கிடைத்த பொருளாதாரமும் ஒன்றல்ல, ஆனால் மெட்டாகிரிட்டிக், ஓப்பன்கிரிட்டிக் இரண்டிலும் இன்று தேடினாலும் முதல் வாரத்தின் மதிப்பெண்ணே நிற்கிறது. ஸ்டீமின் 30 நாள் கணக்கு இதைப் பாதியளவு தீர்க்கிறது, அதுவும் கணினிக் கேம்களுக்கு மட்டும். கன்சோலில் மட்டும் வாங்குபவருக்கு அந்தப் பாதியும் இல்லை. ஓப்பன்கிரிட்டிக் சைபர்பங்க் பக்கத்தில் போட்டதைப் போன்ற ஓர் எச்சரிக்கைப் பட்டையை, வெளியீட்டுக்குப் பின் விலைமுறை மாறிய ஒவ்வொரு கேமுக்கும் மாறிய தேதியோடு போடத் தொடங்கினால், என் அளவுகோலில் அதற்கு முதலிடம் கொடுப்பேன். அதுவரை முதலிடம் ஸ்டீமுக்கு, தொழில்நுட்பக் கேள்விகளுக்கு டிஜிட்டல் ஃபவுண்டரிக்கு, கடைசி இடம் மெட்டாகிரிட்டிக்கின் பச்சைக் கட்டத்துக்கு.